பிராசஸர் திணறுதா? வோல்டேஜை ஏத்தாதீங்க!

வாடிப்பட்டியில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடங்களுக்கு முன் தன் கம்ப்யூட்டர் பிராசஸரை ‘ஓவர்கிளாக்’ செய்தார். அதாவது, கம்பெனி நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் ஓட வைத்தார். 5 ஜிகாஹெர்ட்ஸில் ஜோராக ஓடியது. இந்த வைகாசி முகூர்த்தத்தில், அதே செட்டிங்கில் ரெண்டர் போட்டால் பாதியிலேயே நீலத்திரை. பெண் வீட்டாரிடமிருந்து போன் மேல் போன்.

இந்த அவசரத்தில் பலர் செய்வது, பயாஸுக்குள் போய் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றுவது. அன்றைக்குச் சரியானதுபோல் இருக்கும். ஆனால், களைத்த மாட்டைச் சாட்டையால் அடிக்கிற கதைதான் அது. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால், சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய சர்க்யூட்டுகள் இன்னும் சீக்கிரம் தேயும்.

முதலில் பார்க்க வேண்டியவை

சூடு: அறை 28 டிகிரியாக இருக்கும்போது சிப் 82 டிகிரியில் ஓடினால், கோடையில் அறை 38 ஆகும்போது சிப்பும் கிட்டத்தட்ட 92-ஐத் தொடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபேன், ஹீட்சிங்க் தூசியைச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். பல நேரம் வியாதி இதோடு தீர்ந்துவிடும்.

பேட்டரி: மதர்போர்டில் உள்ள காசு அளவு 3 வோல்ட் பேட்டரி தீர்ந்தால், கம்ப்யூட்டரை அணைத்து மின்சாரத்தைத் துண்டித்ததும் பயாஸ் செட்டிங் எல்லாம் மறந்துபோகும். பழைய வேகம் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கடிகாரம் தப்பு நேரம் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

பவர் சப்ளை, ராம்: பயாஸில் எல்லாவற்றையும் ‘டீஃபால்ட்’டுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது ஒழுங்காக ஓடினால் கோளாறு ஓவர்கிளாக்கில். அப்போதும் நின்றால் ராமை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். முடிந்தால் வேறு பவர் சப்ளை மாட்டிப் பாருங்கள்.

ஓவர்கிளாக் செய்யாமலே தேய்ந்த சிப்

இதெல்லாம் சரியாக இருந்தும் பழைய வேகத்தில் நிற்கவில்லை என்றால், சிப் தேய்ந்திருக்கலாம். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் உலகம் முழுக்க இது நடந்தது. கேம் விளையாடினால் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வரும். கிராபிக்ஸ் கார்டுதான் குற்றவாளி என்று பலர் நினைத்தார்கள். கோளாறு பிராசஸரில் இருந்தது. தேவைக்கு அதிகமான வோல்டேஜ்தான் காரணம் என்று 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. ஆனால், ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தத்தால் குணப்படுத்த முடியாது.

அதனால், பெட்டியோடு வாங்கிய ஐ5, ஐ7, ஐ9 வகைகளில் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டியை 3 வருடத்திலிருந்து 5 வருடமாக நீட்டினார்கள். உங்களுடையது அந்தத் தலைமுறை என்றால், மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதிய பயாஸைப் போடுங்கள். பில்லைத் தேடி எடுத்து வையுங்கள். புது பிராசஸர் வாங்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், முதலில் வாரண்டியைப் பாருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நாமாகவே வேகத்தை ஏற்றியதால் வந்த சேதத்துக்கு வாரண்டி பொதுவாகக் கைகொடுக்காது.

வாரண்டி இல்லையா? வேகத்தைக் குறையுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸை 4.8 ஆக்கினால், ஒரு மணி நேர ரெண்டருக்குக் கூடுவது சுமார் இரண்டரை நிமிடம். ஒரு டீ குடிக்கிற நேரம்.

இந்தச் சோதனைகளை ஆரம்பிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. திணறும் கம்ப்யூட்டர் ஃபைல்களையும் கெடுத்துவிடும். ஒரிஜினல் வீடியோவை வேறு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். பிராசஸரைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தாலி கட்டிய நிமிடத்தை மறுபடி எடுக்க முடியாது.