தொட்டிற் செலவும் தில்லி வரியும்

கொல்லிமலையில் மிளகு பறிக்கப் போகும் தாய் தன் ஒன்றரை அகவைக் குழந்தையை என்ன செய்கிறாள்? தோட்டத்து மரக்கிளையில் தூளி கட்டி உறங்க வைக்கிறாள்; அல்லது எட்டு அகவை மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் காவல் வைக்கிறாள். வருகைப் பதிவேட்டைப் புரட்டும் எம்போன்ற ஆசிரியர்க்கு இது புதுச் செய்தியன்று. பறிப்புக் காலத்தில் யார் யார் வாரார் என்பது முன்னரே தெரியும். அச்சிறுமியின் படிப்பே அவ்வீட்டார் செலுத்தும் காப்புக் கூலி.

அதே மலையில் அரசுப் பணிபுரியும் மற்றொரு தாய், அண்டை வீட்டு மூதாட்டியிடம் குழந்தையை விட்டுத் திங்கள்தோறும் பணம் கொடுக்கிறாள். அப்பணம் கொடாளேல் அவள் பணிக்குச் செல்லவியலாது. பணிக்குச் செல்லாளேல் தில்லிக்கு வரியுமில்லை. ஆயினும் வருமான வரிக் கணக்கில் அச்செலவுக்கு இடமே கிடையாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு, இரண்டு குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கழிவுக்கு ஏற்றது. மழலைப் பள்ளிக் கட்டணமும் அதில் அடங்கிற்று. ஆங்கிலப் பாட்டுக் கற்பிக்கும் மழலைப் பள்ளிக்குக் கட்டினால் கழிவு. தமிழில் தாலாட்டுப் பாடும் பாட்டிக்குக் கொடுத்தால் கழிவில்லை! 2023–24 முதல் இயல்பு முறையாக்கப்பட்ட புது வரித்திட்டத்திலோ பள்ளிக் கட்டணக் கழிவும் இல்லை. 2025இல் இயற்றிய புதுச் சட்டத்திலும் குழந்தைக் காப்புச் செலவுக்கெனத் தனிக் கழிவு வைத்தாரில்லை.

பிற நாடுகளிலும் இவ்வுரிமை எளிதிற் கிடைத்ததன்று. அமெரிக்காவில் பணிக்குச் செல்லும் கணவனும் மனைவியும் செவிலியர்க்குக் கொடுத்த கூலியைக் கழிக்க வேண்டியபோது, அது தனிவாழ்க்கைச் செலவே என்று வரித் தீர்ப்பாயம் 1939இல் தள்ளிவிட்டது. 1954இல் ஓரளவு கழிவு தந்தனர்; 1976இல் அதனை வரியிலேயே நேராகக் குறைக்கும் முறையாக்கினர். இன்று நியூயார்க்கு, கலிபோர்னியா முதலான மாநிலங்கள் தத்தம் வருமான வரியிலும் அதுபோன்றே குறைத்துத் தருகின்றன.

நாம் ஊன்றிப் பார்க்க வேண்டுவது கனடாவின் கியூபெக்கு மாநிலத்தை. பிரெஞ்சு மொழி பேசும் அம்மக்கள் 1954 முதல் தம் வருமான வரியைத் தாமே தண்டுகின்றனர். 1977இல் மொழிச் சட்டம் இயற்றிப் பள்ளியிலும் பணியிடத்திலும் தம் மொழியை நிலைநிறுத்திய அதே மாநிலம், 1997இல் நாளொன்றுக்கு 5 தாலர் கட்டணத்திற் குழந்தைக் காப்பகங்களைத் தொடங்கியது. குறைந்த கட்டண இடம் கிட்டாத பெற்றோர்க்கு மாநில வரியிற் கழிவுண்டு. கட்ட வேண்டிய வரி கழிவினுங் குறைவாயின் எஞ்சியதைப் பணமாகவே தருகின்றனர். மொழியுரிமையும் வரியுரிமையும் ஒரே கையில் இருந்தமையால் இது முடிந்தது.

தமிழ்நாட்டரசு விரும்பினாலும் இதனைச் செய்ய முடியாது. கரணியம் வெளிப்படை. உழவு வருவாய் நீங்கலான வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமையை, அரசமைப்பின் ஒன்றியப் பட்டியல் 82ஆம் பதிவு தில்லிக்கே அளித்துள்ளது. ஊதியம் பெறுவோரிடம் மாநிலம் தொடக்கூடியது தொழில்வரி ஒன்றே. அதற்கும் 276ஆம் பிரிவு வரம்பிட்டுள்ளது: ஆண்டுக்கு 2,500 உருபா. 1988இல் வைத்த வரம்பு அது!

அந்தச் சிறு வரியையேனும் பயன்படுத்தலாமே என்பது என் கருத்து. ஆறு அகவைக்குட்பட்ட குழந்தையைக் காக்கக் கூலி கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டுக் காட்டும் பெற்றோர்க்குத் தொழில்வரியை நீக்குக. நம் நாட்டில் அவ்வரியைத் தண்டுவன ஊராட்சிகளும் நகராட்சிகளுமே ஆதலின், மலையூராட்சிகள் இழக்கும் தொகையை மாநில அரசு ஈடு செய்தல் வேண்டும். தொகை சிறிதுதான். ஆயினும் பற்றுச்சீட்டு என ஒன்று எழுதப்படும்பொழுதே, இதுவரை எவர் கணக்கிலும் வாராத அம்மூதாட்டி உழைப்பாளியாகிறாள்.

வரி கட்டாத மிளகுப் பறிப்பாளுக்கு இதனால் என்ன பயன் என்பீர்கள். ஒன்றுமில்லை. ஐம்பதின்மர் பணிபுரியும் இடத்திற் காப்பகம் வேண்டுமென்று 2017ஆம் ஆண்டு மகப்பேற்றுநலச் சட்டத் திருத்தம் கூறியது. கொல்லிமலையின் சிறுதோட்டங்களில் ஐம்பதின்மர் ஏது? அவளுக்கு வேண்டுவது அருகிலேயே ஒரு காப்பகம். 2022இல் தில்லியின் திட்டமொன்று, ஆறு திங்கட் குழந்தை முதலாக நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் காக்கும் இடங்களுக்கு வழி செய்தது. அதன் பெயர் ‘பால்னா’! தொட்டில் என்பதற்கான இந்திச் சொல். தூளி, தொட்டில், ஏணை என்று மூன்று பெயர் வைத்திருக்கும் தாய்க்கு நான்காவதாக ஒரு பெயரைத் தில்லி கற்பிக்கிறது. முன்னரே ‘அங்கன்வாடி’ வந்து குடியேறியது போதாதா? பெயர் கிடக்கட்டும்; ஏழரை மணி நேரம் விடியலிற் புறப்பட்டு அந்தியில் திரும்பும் கூலிப்பெண்ணுக்குப் போதாது.

எனவே, இதனைப் படிக்கும் அன்பர்கள் மாநில நிதியமைச்சர்க்கும் சேந்தமங்கலம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்கும் மடல் விடுக்க வேண்டுகிறேன். தொழில்வரி நீக்கத்தை முதலிற் கேளுங்கள். வாழவந்திநாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என ஒவ்வொரு நாட்டிலும், பறிப்புக் காலத்தில் விடியல்முதல் அந்திவரை திறந்திருக்கும் ‘தொட்டில் இல்லம்’ கேளுங்கள். 82ஆம் பதிவைத் திருத்தி, வருமான வரியில் மாநிலத்துக்கும் விதிப்புரிமை வேண்டுமெனச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றுமாறும் அம்மடலிலேயே எழுதுங்கள்.