நாலரை மணிக்கு விளக்கேற்றும் ஊரிலிருந்து...

நவம்பர் முதல் ஞாயிறு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு குழப்பம் நிச்சயம். நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை, படுக்கப் போகும்முன் அவளுக்கு இரவு ஒன்பதரை ஆகும்போது ஃபோன் செய்வாள். இங்கே காலை ஏழு மணி. அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்த மறுநாளில் இருந்து அதே ஒன்பதரை, இங்கே எட்டு மணி. அப்போது மகள் பள்ளிக்குப் போயிருப்பாள், நான் ஆபீஸ் வண்டியில் இருப்பேன். கும்பகோணத்தில் இருக்கும் அம்மா மட்டும் அசரமாட்டார். "அவ ஊர்ல கடிகாரத்தைத் திருப்பிட்டாளாம். சூரியனைத் திருப்ப முடியுமாடா?" என்பார்.

ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில், "நம் நாட்டிலும் இதைக் கொண்டுவந்தால் என்ன? மின்சாரம் மிச்சமாகுமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்த காலத்தில் நான் இதைக் கண்டுகொண்டதே இல்லை. இப்போது அசாமின் திப்ருகர் வந்து நாலாவது வருடம். எனவே இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு கருத்து வந்துவிட்டது!

முதலில், வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்பும் அந்த அமெரிக்க ஏற்பாடு நமக்குச் சரிப்படாது. லண்டனில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்பது மணி நேர வித்தியாசம். சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். இல்லாத வெளிச்சத்தை எங்கிருந்து சேமிப்பது? பக்கத்து பங்களாதேஷ் 2009 ஜூனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிப் பார்த்தது. அந்த வருடக் கடைசியிலேயே பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டது.

நம் பிரச்சினை பருவம் இல்லை, அகலம். குஜராத்தின் மேற்கு முனை 68 டிகிரி கிழக்கு. அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு முனை 97 டிகிரிக்கும் மேலே. சூரியன் ஒரு டிகிரியைக் கடக்க நாலு நிமிடம். ஆக, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். 1906-இல் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து இந்திய நேரம் வகுக்கப்பட்டது. நம் தமிழ்நாடு அந்தக் கோட்டை ஒட்டி இருப்பதால் நமக்கு இதில் கஷ்டமே தெரிவதில்லை. கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போகிற ஊரில் பிறந்தவனுக்குக் கடிகாரம் என்பது இயற்கை!

இங்கே வந்த பிறகுதான் அது யாரோ எடுத்த முடிவு என்று புரிந்தது.

ஜூன் மாதம் திப்ருகரில் காலை நாலேகாலுக்குச் சூரியன் வந்துவிடும். ஐந்து மணிக்கு வெயில் முகத்தில் அடிக்கும். ஆபீஸ் திறக்க இன்னும் நாலரை மணி நேரம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலே கால், நாலு இருபதுக்கு அஸ்தமனம். நாலரைக்கு மனைவி சாமி விளக்கு ஏற்றுவாள். அந்த நேரத்தில் அம்மாவிடம் இருந்து ஃபோன் வந்தால், "என்னது, விளக்கேத்தியாச்சா? இங்க இன்னும் ரெண்டாவது காபியே போடலைடா" என்பார்.

வேடிக்கையாகத்தான் இருந்தது, மகள் எட்டாம் வகுப்புக்கு வரும் வரை. பள்ளி முடிந்து வீடு வர மூன்று மணி. சாப்பிட்டு எழுந்தால் நாலு. டியூஷனுக்குக் கிளம்பும்போதே மசங்கிவிடும். திரும்பி வரும்போது கும்மிருட்டு, அதோடு பனி. குளிர்காலம் முழுக்க அவள் வெளிச்சத்தில் விளையாடிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆட்டோ ஓட்டும் தாதாவிடம் (நம்ம ஊர் அர்த்தத்தில் இல்லை, இங்கே தாதா என்றால் அண்ணன்) ஒருநாள், "அஞ்சரை மணிதானே ஆகிறது, ஏன் இவ்வளவு பதற்றம்?" என்று கேட்டேன். "உங்களுக்கு அஞ்சரை. எங்களுக்கு ராத்திரி" என்றார்.

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போல உபதேசம் செய்தவன்தான். "கடிகாரத்தை ஏன் மாற்றணும்? சீக்கிரம் எழுந்து சீக்கிரம் வேலைக்குப் போய்ச் சீக்கிரம் திரும்ப வேண்டியதுதானே?" கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் என் தலைமை அலுவலகம் மும்பையில். அவர்களுக்கு வசதியான நேரம் மாலை ஐந்தரை. அங்கே ஜன்னலுக்கு வெளியே வெயில், இங்கே எங்களுக்கு இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காலை ஏழு மணிக்கு நாங்கள் ஆபீஸைத் திறந்தாலும் ஐந்தரை மணி மீட்டிங் நகராது. ஆக, காலையும் போச்சு, மாலையும் போச்சு. வங்கி, தேர்வு, தொலைக்காட்சி எல்லாமே அந்த நடுக்கோட்டு நேரத்தில்தான். 'சீக்கிரம் எழுந்திரு' என்ற உபதேசம், தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ள முடிந்தவனுக்குத்தான் பொருந்தும்.

அப்படி வைத்துக்கொண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்கள்! பிரிட்டிஷ்காரர் காலத்தில் இருந்து தோட்டங்களில் 'பாகான் டைம்' என்று ஒன்று உண்டு. நம் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், யாராவது எட்டு மணிக்கு வாருங்கள் என்றால், "பாகானா, இந்தியாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் டைரியில் எழுதுவார். வெளிச்சம் இருக்கும்போது கொழுந்து பறிக்க வேண்டும் என்ற முதலாளியின் லாபக் கணக்குக்காக வந்த ஏற்பாடு. ஆனால் ஒரு விஷயத்தை நிரூபித்துவிட்டது: ஒரே மாநிலத்தில் இரண்டு நேரம் இருந்தும் உலகம் கவிழ்ந்துவிடவில்லை. 2014-இல் அப்போதைய முதல்வர் தருண் கோகோய், மாநிலம் முழுக்க இந்த நேரத்துக்கு மாறப் போவதாகச் சொன்னார். நடக்கவில்லை. 2017-இல் தனி நேரம் கேட்ட பொதுநல வழக்கை குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே வருடம் அருணாசல முதல்வர் பேமா காண்டுவும் இதையே கேட்டார். கோரிக்கை அப்படியே நிற்கிறது.

படித்தவர்கள் இரண்டு தீர்வு சொல்கிறார்கள். முதலாவது, நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. பெங்களூரு தேசிய உயர்நிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சென்குப்தாவும் அஹுஜாவும் போட்ட கணக்குப்படி இதில் வருடத்துக்கு சுமார் 270 கோடி யூனிட் மின்சாரம் மிச்சம். இரண்டாவது, நாட்டுக்கு இரண்டு நேரம். நம் அதிகாரபூர்வ நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே 2018-இல் இதை முன்வைத்தார்கள். வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் ஒரு மணி நேரம் முன்னால் ஒரு நேரம், மற்றவர்களுக்கு இப்போதுள்ளது. இதில் மிச்சம் வருடத்துக்கு 2 கோடி யூனிட்தான்.

யூனிட் கணக்கு மட்டும் பார்த்தால் முதல் தீர்வுதான் ஜெயிக்கும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். எங்களுக்கு அஸ்தமனம் நாலு இருபதில் இருந்து நாலு ஐம்பது ஆகும். அதிலும் மகள் இருட்டில்தான் வருவாள். அந்த அரை மணிக்காகக் கோயம்புத்தூரில் பிப்ரவரித் தொடக்கத்தில் ஆறே முக்காலுக்கு உதிக்கும் சூரியன் ஏழே காலுக்கு உதிக்கும். பள்ளி வேனுக்கு இருட்டில் நிற்க வேண்டும். துவாரகையில் ஜனவரியில் விடியவே எட்டு மணிக்கு மேல் ஆகும்.

இன்னொன்றும் உண்டு. மௌலிக் ஜக்னானி என்ற பொருளாதார ஆய்வாளர் இந்தியப் பிள்ளைகளின் தூக்கத்தை ஆராய்ந்தார். சூரியன் தாமதமாக மறைகிற இடங்களில் பிள்ளைகள் தாமதமாகத் தூங்குகிறார்கள், பள்ளி மணியோ தாமதமாக அடிப்பதில்லை. அஸ்தமனம் சராசரியாக ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் படிப்பில் சுமார் 0.8 வருடம் குறைகிறது என்பது அவர் கணக்கு. மேற்கே உள்ள பிள்ளைகள் ஏற்கெனவே இழப்பதை அரை மணித் திட்டம் அதிகமாக்கும். ஒருவர் கஷ்டத்தை எல்லோருக்கும் பங்கு போடுவது சமத்துவம் இல்லை.

"அதே ஆய்வு உங்களுக்கும் பொருந்துமே?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரு மணி நேரம் முன்னே வைத்தாலும் திப்ருகரில் டிசம்பர் அஸ்தமனம் ஐந்து இருபது, ஜூனில் ஏழு பத்து. அதாவது இன்றைய டெல்லி அளவுதான்.

அடுத்து, ரயில் மோதிக்கொள்ளும் என்கிறார்கள். அசாம்-மேற்கு வங்க எல்லை குறுகியது, கடக்கும் ரயில் பாதைகள் கொஞ்சம்தான், சமாளிக்கலாம் என்பதுதான் அந்த விஞ்ஞானிகளின் பதில். என்னைக் கேட்டால் ரயிலுக்கு ஒரே நேரம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம், ரயில்களுக்கோ நம் மெட்ராஸ் நேரம்! நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தின் கடிகாரம் நாடு முழுக்க ரயில் ஓட்டியது. கல்கத்தா நேரம் 1948 வரைக்கும், பம்பாய் நேரம் 1955 வரைக்கும் புழக்கத்தில் இருந்தன. சுதந்திர இந்தியா அதனால் உடைந்துவிடவில்லை.

ஒற்றுமை பற்றிய பயத்தை நான் கேலி செய்யவும் மாட்டேன். இலங்கை 1996-இல் மின் தட்டுப்பாட்டுக்காகக் கடிகாரத்தை முன்னே வைத்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. 2006-இல் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, ஒரு தீவில் மணி கேட்டாலே அரசியல் தெரிந்துவிடும். நேரம் கொடியாக மாறக்கூடும், உண்மைதான். ஆனால் அது பிளவின் அடையாளம், காரணம் இல்லை. இங்கே மக்கள் கேட்பது பிரிந்து போக இல்லை. பகலில் வீடு திரும்ப.

மேகாலயாவின் டௌகியில் நின்றால் எதிரே பங்களாதேஷ். அங்கே கடிகாரம் நம்மைவிட அரை மணி நேரம் முன்னால். அங்கிருந்து இன்னும் கிழக்கே இருக்கும் நாங்கள், அவர்களுக்குப் பின்னால்! இதை எந்தப் பூகோள வாத்தியாரால் விளக்க முடியும்?

2025 ஜனவரியில் மத்திய அரசு, அதிகாரபூர்வ, வணிகப் பயன்பாடு எல்லாவற்றுக்கும் இந்திய நேரம் மட்டுமே என்று ஒரு வரைவு விதியை வெளியிட்டது. கணினி நொடிகள் பிசகக்கூடாது என்பதற்காக என்றால் சரி. நொடி ஒன்றாக இருக்கட்டும். ஆனால் மணி முள் எங்கே நிற்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

என் கருத்து இதுதான்: வடகிழக்குக்கும் அந்தமானுக்கும் தனி நேரம் வேண்டும். (அந்தமானில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்! நவம்பரில் அங்கேயும் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும்.) அதற்கு டெல்லி சம்மதிக்கும் வரை, குளிர்காலத்தில் மட்டுமாவது இங்குள்ள பள்ளிகளும் மத்திய அரசு அலுவலகங்களும் வங்கிகளும் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்து, முன்னதாக மூடட்டும். ஒருவர் மட்டும் மாறினால் பயனில்லை, எல்லோரும் சேர்ந்து மாற வேண்டும். மும்பையிலோ சென்னையிலோ உட்கார்ந்து கிழக்கே மீட்டிங் வைக்கிறவர்களே, ஐந்தரையை மூன்றரை ஆக்கப் பாருங்கள். அதற்குச் சட்டமே தேவையில்லை.

போன ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மகளை மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். இரண்டு மணி நேரம் ஆடினாள். ஞாயிறு மட்டும்தான் அவளுக்கு மாலை உண்டு. திரும்பி வரும்போது அம்மா ஃபோன். விஷயத்தைச் சொன்னேன்.

"குழந்தைக்கு வெளிச்சம்கூட வாரத்துக்கு ஒரு நாள்தானாடா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.