ஊதுகுழல் யார் கையில்?

மேடையில் பெண்ணுரிமை முழங்குகிறோம். பெண் ஏன் அடிமையானாள் என்று கேட்ட பெரியாரின் படையினர் நாம் என்று மார்தட்டுகிறோம். மகிழ்ச்சி! ஆனால் தோழர்களே, கூட்டம் முடிந்து வீடு திரும்பினால் நம் கண்ணில் படாத ஓரிடம் இருக்கிறது: அடுப்பங்கரை! அங்கே கண் எரிய, மூச்சுத் திணற, ஈர விறகை ஊதி ஊதி இளைத்துக் கிடப்பவள் யார்? நம் தாய்! நம் துணைவி! நம் தங்கை!

வீட்டுக்குள் சூழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் உயிர்கள் மாண்டன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. போரில் மாண்டிருந்தால் உலகம் பதறியிருக்கும். சமையல் புகைதானே என்று சும்மா இருந்துவிட்டது!

எரிவாயு வந்ததே என்பீர். வந்தது. 2006 தேர்தலில் சொன்னபடி கலைஞர் அரசு எரிவாயு அடுப்பை வழங்கிற்று. 2016இல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. ஆயினும் சிலிண்டர் விலை ஏறும்போதெல்லாம், கூலி கிடைக்காத வாரமெல்லாம், ஏழையின் வீட்டு மூலையிலே மண் அடுப்பு மீண்டும் எரிகிறது. எரியும்வரை அது ஒழுங்காக எரியட்டும் என்பதே நம் வாதம்.

புகைபோக்கி வைத்த அடுப்பு புதுமையல்ல. 1953லேயே ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு அதற்கு வழிகாட்டினார். 1983இல் மத்திய அரசு நாடெங்கும் பரப்பக் கிளம்பியது, 2002இல் கைவிட்டது. பல வீடுகளில் நடந்தது என்ன? கட்டிக் கொடுத்தவர் போனார். குழாயில் கரி அடைத்தது. அதைத் தட்டிவிட ஆளில்லை. புகை பழையபடி வீட்டுக்குள்ளேயே குடியேறியது!

கூரையேறிக் கொடி கட்டத் தெரிந்த தோழனுக்குக் குழாயைத் தட்டத் தெரியாதா? அடுப்பு ஆறிய பிறகு, நீண்ட கழியில் சாக்குத் துணி சுற்றி, மேலிருந்து விட்டு இழு. கரி தடித்தால் புகை திரும்புவது மட்டுமல்ல, அந்தக் கரியே ஒருநாள் தீப்பற்றும். கீற்று வேய்ந்த வீடென்றால் கேட்கவா வேண்டும்! குழாய் கீற்றைத் தொடவே கூடாது. சுவர் வழியே வெளியேற்றி, கூரையை விட்டு விலக்கி, அதற்குமேல் 2 அடியாவது உயர்த்தி நிறுத்து.

விறகும் உன் பொறுப்பே. பச்சை விறகின் எடையில் பாதியளவு தண்ணீரே. அதைக் காயவைப்பதிலேயே தீயின் சூடு வீணாகிறது, மிச்சம் புகையாகிறது. பிளந்து, மழை படாமல் காற்றுப்பட அடுக்கி, சில மாதம் காயவிடு. அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம். பொறி பறந்தால் வீடே போகும். தீ பிடிக்கவில்லையென்று மண்ணெண்ணெய் ஊற்றுவது கொலைத்தொழில்!

குளிருக்குக் கதவடைத்து, தணலை உள்ளே வைத்துப் படுப்பவர் இன்னும் உண்டு. தணலிலிருந்து எழும் நச்சுக்காற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். தணலை வெளியே கொண்டுபோய் நீர் தெளித்து அவி. சாம்பலையும் நம்பாதே, அதற்குள் கங்கு மறைந்திருக்கும். குப்பைமேட்டில் கொட்டுமுன் தகரச் சட்டியில் ஓரிரு நாள் வெளியே கிடக்கட்டும். அடுப்பருகே ஒரு வாளி மணல். முந்தானையில் தீப்பற்றினால் ஓடவிடாமல் தரையில் உருட்டு. புண்ணில் மையும் மாவும் பூசாதே. 20 நிமிடம் தண்ணீர் ஊற்றி, மருத்துவமனைக்குக் கொண்டு போ.

கிளைக் கழகத் தோழர்களே! அடுத்த ஞாயிறு ஏணியோடு புறப்படுங்கள். தெருவில் எத்தனை வீட்டில் விறகடுப்பு எரிகிறது, எத்தனை குழாய் அடைத்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் உங்கள் வீட்டுக் கூரையில் ஏறுங்கள்.