முழங்கால் உயரத்தில் ஒரு தாத்தா

அதியமான்கோட்டையில் அப்பா விட்டுப்போன மேட்டுக்காடு அரை ஏக்கர். ப்ளாட் போட்டு விற்கலாமென்று சுத்தம் பண்ணப் போனேன். முழங்கால் உயரத்தில் ஒரு முள்ளுச்செடி. கடப்பாரையைப் போட்டேன். அரை மணியில் கை கொப்பளித்துவிட்டது. உள்ளே வேர் என் முழங்கை கனம்!

ஆடு மேய்த்த பெரியவர் சிரித்தார். "வெள்வேலம் தம்பி! நான் பொடிப்பயலா இருந்தப்பவும் இதே உயரந்தான்."

வெள்வேலம் தெரியாதா? பட்டைச் சாராயத்துக்குப் பட்டை தந்த மரம் (கேள்வி ஞானம்தான், சார்!).

ஆப்பிரிக்க சவானாவிலும், அதாவது புல்லும் மரமும் கலந்த வறண்ட வெளியிலும், இதே கதைதான். கோடைத் தீ கருக்கும், மிருகம் மேயும். மரமோ சேமிப்பை வேரில் போட்டுவைத்து மறுபடி துளிர்க்கும். நம்ம பி.எஃப். மாதிரி. தீயும் ஆடும் சில வருஷம் மறந்தால் போதும், விறுவிறுவென்று எட்டாத உயரம் போய்க் குடை விரித்துவிடும்.

இம்மாதிரி நிலங்களை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 'சீரழிந்த காடு' என்றே எழுதிவருகிறோம். இவற்றில் பல காடே அல்ல, சவானா என்று பெங்களூர் ஜெயஸ்ரீ ரத்னம் குழுவினர் 2011-ல் கட்டுரை எழுதினார்கள்.

குழியை மூடிவிட்டு வந்தேன். திங்களன்று ஆபீசில் பேனா பிடிக்க முடியவில்லை. புரோக்கர் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். இன்னும் எடுக்கவில்லை.