கழற்றியவர் காரணம் சொல்லட்டும்

"நல்ல நிலையில் உள்ளது. என்ஜின் மாற்றியதால் விற்பனைக்கு." பழைய உதிரிப்பாக விளம்பரங்களில் இந்த வரியைக் காணும்போதெல்லாம் எனக்கு எழுகின்ற கேள்வி ஒன்றுதான்: என்ஜினை ஏன் மாற்றினீர்கள்?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிய பழைய என்ஜினை வாங்கிப் பொருத்துவது இலங்கையருக்குப் புதிதன்று. 2020 மார்ச் தொடக்கம் 2025 வரை வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்த காலத்தில், இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே பலருக்கு வழியாயிற்று. வேகப் பிரியர்கள் என்ஜினை மாற்றிய பின் மிஞ்சுகின்ற டர்போவையும் இன்டர்கூலரையும் கணினிப் பெட்டியையும் விற்கிறார்கள். விற்பதில் தவறில்லை. அவற்றின் வரலாற்றை மறைத்து விற்பதே தவறு.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 100,000 தடவைகளுக்கு மேல் சுழலக்கூடியது. பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. பெயரிங் அரைபட்டுச் செத்த என்ஜினில், அதே எண்ணெயோடு உலோகத் துகள்களும் டர்போவுக்குள் ஓடியிருக்கும். கையால் சுழற்றிப் பார்ப்பவருக்கு இது புலப்படாது. டர்போ சிதறியிருந்தால் இன்டர்கூலரின் குழாய்களுக்குள் துண்டுகள் தங்கியிருக்கும். அவை வாங்கியவரின் நல்ல என்ஜினுக்குள் போய்ச் சேரும். ஓர் என்ஜினுக்கென எரிபொருள் அளவு மாற்றி எழுதப்பட்ட கணினிப் பெட்டியை இன்னொன்றில் பூட்டினால் பிஸ்டனே உருகலாம்.

"வாங்குபவர்தான் பார்த்து வாங்கவேண்டும்" என்பது விற்பவரின் வாதம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் பொதுவாக அந்தப் பக்கமே சாய்கிறது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வர்த்தகர் ஏமாற்றுவதைத் தடுக்கிறது. வீட்டு முற்றத்தில் வைத்து விற்பவரோ, தாம் வர்த்தகரல்லர் என்று நழுவப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத பழுதை எப்படிப் பார்த்து வாங்குவது?

நான் கேட்பது மூன்றே வரிகள். பழைய என்ஜின் ஏன் கழற்றப்பட்டது? இந்தப் பாகம் எவ்வளவு காலம் ஓடியது? இதில் என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன? இவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிடுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

உண்மையைச் சொன்னால் விலை குறையும் என்பார்கள். குறையட்டும். அந்தக் குறைந்த விலைதான் பொருளின் உண்மையான பெறுமதி. அதற்கு மேல் வாங்கியதெல்லாம் அடுத்தவன் பையில் கைவைத்து எடுத்தது.

வாங்கப் போகும் இளைஞர்களே, காரணத்தை எழுதித் தர மறுப்பவரிடம் காசை நீட்டாதீர்கள்.