மதியத்துக்குப் பின் தூண்டில் வேண்டாம்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கோடையில் ஆற்று நீர் தொடர்ந்து 3 நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுகிறார்கள். சரியான தடை. செயற்கை ஈயைக் கட்டித் தூண்டில் வீசுவோர், பிடித்த மீனைத்தான் விட்டுவிடுகிறோமே என்கிறார்கள். ஆனால் சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு. அவர்கள் பிடிக்கும் டிரவுட்டோ குளிர்நீர் மீன். இழுபறியில் களைத்து, செவுள் படபடக்க நீந்திப்போகும் மீன் பிழைத்துவிட்டதாக நம்புகிறோம்; பல மணி நேரம் கழித்தும் அது சாகலாம். மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளின் பிழைப்பு கெடும் என்பது மெய்யான கவலை. ஆனால் விடியற்காலையில் நீர் குளிர்ந்திருக்கும், தொழிலை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இலையுதிர் காலத்தில் பழுப்பு டிரவுட் சரளையில் குழி பறித்து முட்டையிட வேண்டுமானால், முதலில் அது கோடையைத் தாண்ட வேண்டும். என்னைக் கேட்டால், தடை அறிவிப்புக்குக் காத்திராமல் தெர்மாமீட்டர் 68 டிகிரியைக் காட்டும்போதே நூலைச் சுருட்டிவிட வேண்டும்.