சைக்கிள் விரிசலும் கிராணியின் பேனாவும்



பழைய சைக்கிளின் பிரேமில் ஒரு கோடு தெரிகிறது. அது சாயத்தில் விழுந்த கோடா, இரும்பில் விழுந்த விரிசலா? இந்தக் கேள்வியைத் தோட்டத்தில் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்டால், "இருபது வருஷமாய் ஓடுகிற வண்டி, இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிடுவார். "எதற்கு வம்பு, பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் தவறு என்பதே என் எண்ணம். முதற்பேச்சு உயிரை வாங்கும். இரண்டாவது வயிற்றில் அடிக்கும்.

மோட்டார் சைக்கிள் பெருகிவிட்ட இந்நாளிலும், தகப்பன் ஓட்டிய கறுப்புச் சைக்கிளை விடாமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பெட்ரோல் கேட்காது, மரங்களுக்கிடையே குறுகிய வழியிலும் நுழையும். ஆனால் அந்த வண்டி ஒரு மனிதனைச் சுமக்கச் செய்யப்பட்டது. நாம் அதன் கேரியரில் பால் தகரங்களை ஏற்றுகிறோம். ஐந்து கேலன் தகரம் நிறைந்தால் பாலின் எடை மட்டும் ஏறக்குறைய 22 கிலோ. இரண்டு தகரமானால் 44 கிலோ. பாதையோ வேரும் பள்ளமும். ஒவ்வொரு வேரிலும் ஏறி இறங்கும்போது பிரேமின் குழாய்கள் மயிரிழையளவு வளைந்து நிமிர்கின்றன. கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் ஒடிகிறதல்லவா? அதே சங்கதிதான், இங்கே மெதுவாக, வருஷக்கணக்கில் நடக்கிறது.

பால்வெட்டுத் தொழிலாளிக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். மரத்தின் மேற்பட்டை வெடித்திருந்தால் அவர் கவலைப்படுவதில்லை. கத்தி ஆழப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால்தான் மனம் துணுக்குறுகிறது. அந்தக் காயம் பிறகு முண்டும் முடிச்சுமாய் நிற்கும். சைக்கிளிலும் மேற்பட்டை வேறு, கட்டை வேறு.

வெயிலிலும் மழையிலும் கிடந்த சாயம் சிலந்தி வலைபோல வெடிக்கும். கோடுகள் இங்குமங்கும் அலையும். உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தால் அடியில் இரும்பு வழவழவென்று இருக்கும். அதற்காக யாரும் தூக்கத்தை இழக்க வேண்டாம். குழாய்கள் கூடும் மூட்டில் பித்தளை வழிந்து உறைந்த விளிம்பும் சில சமயம் விரிசல்போலக் கண்ணை ஏமாற்றும். இரும்பின் விரிசல் அப்படி அலையாது. பெரும்பாலும் மூட்டின் ஓரத்தில் பிறந்து, குழாயின் குறுக்கே ஒரே போக்காய்ப் போகும். அதிலிருந்து துருநீர் காவிக் கோடாய்க் கசியும். மேலே சாயம் பூசினாலும் சில வாரங்களில் அதே இடத்தில் அதே கோடு திரும்பி வரும். (விற்பதற்கு முதல்நாள் சாயம் பூசுகிற நம்மவர் சிலரும் இதை நன்றாக அறிவார்கள்!)

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. சாயத்தைச் சுரண்டி, இடத்தைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவுங்கள். அரைமணி நேரம் கழித்து நன்றாக உலரத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே வந்து வெள்ளையின்மேல் ஈரக்கோடு போடும். ரயில் பட்டறைகளில் சக்கர அச்சுகளை எண்ணெயும் சுண்ணமும் கொண்டு இவ்விதமே நெடுங்காலம் சோதித்து வந்தார்கள்.

விரிசல் எங்கே என்பதும் முக்கியம். மட்கார்டிலோ செயின் மூடியிலோ இருந்தால் சத்தம்தான் போடும். பின்சக்கரத்தைத் தாங்கும் குழாயில் இருந்தால், வண்டி வாலாட்டி, செயின் உரசி, பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கும். முன்கழுத்திலிருந்து பெடல் மூட்டுக்கு இறங்கும் குழாயின் அடிப்பக்கமும், முன் போர்க்கின் கழுத்தும்தான் எமன். அவற்றிலும் போர்க்கின் கழுத்து குழாய்க்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறையாவது போர்க்கை உருவிப் பார்த்தால்தான் உண்டு. பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் நடுங்கி, கழுத்திலுள்ள குண்டுகளை இறுக்கிய பிறகும் நடுக்கம் தீராவிட்டால், அன்றே உருவிப் பார்க்க வேண்டும்.

இதை நான் புத்தகம் படித்து அறிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பெரியவர் ஒருவர் பால் தகரங்களோடு இறக்கத்தில் விழுந்தார். தோள் எலும்பு முறிந்தது. விபத்து அறிக்கை எழுதுவது என் வேலை. 'காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று கேட்டேன். "கவனக்குறைவு என்று போடு" என்றார் மேலே உள்ளவர். போட்டேன். என் கையெழுத்து அழகாயிருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மாலை அவருடைய மகன் ஒடிந்த போர்க்கைக் கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் வைத்தான். "கிராணி ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான். ஒடிந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்துத் துருவேறிக் கிடந்தது. கால் பாகம் மட்டும் புதிதாய் மின்னியது. மின்னிய பாகம் அன்று ஒடிந்தது. துருவேறிய பாகம் அதற்கு வெகுநாள் முன்பே விட்டுப்போனது. ஆம்! முக்கால் கழுத்து அறுந்த வண்டியில் அந்த மனிதர் நாள்தோறும் பால் சுமந்து ஸ்டோருக்கு வந்திருக்கிறார். குழாய்க்குள் மறைந்திருந்ததை அவர் எந்தக் கண்ணால் பார்ப்பார்? அதில் எங்கே குறைந்தது அவர் கவனம்?

சொக்சோ பணம் வந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நேர்வழியில் நேரும் விபத்தையும் வேலையில் பட்ட காயமாகவே 1969-ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கிறது. ஆனால் நான் எழுதிய சொல் அவர் பெயரோடு நின்றுவிட்டது. கவனக்குறைவு என்று எழுதியாகிவிட்டபடியால், மற்றவர்களின் வண்டியை எவரும் சோதிக்கவில்லை. தகரமும் குறையவில்லை.

இந்த இடத்தில் வேறொரு விபத்தை நினைக்கிறேன். 1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குச் சென்ற 'காமெட்' விமானம் ரோமாபுரியை விட்டுக் கிளம்பியபின் எல்பா தீவருகே கடலில் விழுந்தது. 35 பேரும் மாண்டனர். பிரிட்டிஷ் கடற்படை கடலின் அடியிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி எடுத்தது. பார்ன்பரோவில் இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தார்கள். ஜன்னல் போன்ற திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது! பறக்கும்போதெல்லாம் உலோகம் களைத்துக் களைத்து விரிசல் கண்டிருந்தது என்று தெரிந்தது. நம் சைக்கிளுக்கு வந்த அதே நோய். அங்கே ஒடிந்த துண்டைச் சாட்சியாக்கினார்கள். இங்கே அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, விழுந்தவரைக் குற்றவாளியாக்குகிறோம்.

ஆகவே ஒடிந்த துண்டை எறியாதீர்கள். துடைக்கவும் வேண்டாம், எண்ணெய் போடவும் வேண்டாம். துணியில் சுற்றிச் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கிராணி நண்பர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வண்டியைப் பார்க்காமல் 'காரணம்' எழுதாதீர்கள். "ஒடிந்த முகத்தில் பழைய துரு காணப்பட்டது" என்று எழுத எந்தத் துரையின் அனுமதியும் வேண்டியதில்லை; அது கண்ணால் கண்ட செய்தி.

நிர்வாகம் சொல்லும்: "சைக்கிள் உன்னுடையது, பழுதும் உன்னுடையது." சைக்கிள் தொழிலாளியுடையதுதான், அதன்மேல் ஏறியிருக்கும் பால் யாருடையது? வேலையில் பொருள்களைக் கையாளுவதிலும் கொண்டுசெல்வதிலும் ஆபத்து நேராதபடி, இயன்ற அளவு ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தோட்டத்துப் பாலைத் தொழிலாளியின் வண்டியில் ஏற்ற வேண்டுமானால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோட்டப் பட்டறையிலேயே போர்க்கை உருவிப் பார்க்கட்டும். கெட்ட போர்க்குக்கு மாற்றுப் போர்க்குக் கொடுக்கட்டும். அது முடியாதென்றால் லாரி வேலைக்காட்டு எல்லைக்கு வந்து பாலை எடுத்துக்கொள்ளட்டும். மூன்றில் எதுவும் அதிகமான கோரிக்கையாக எனக்குத் தோன்றவில்லை.

பற்றவைத்து ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பின்குழாயானால், தேர்ந்த கையாயிருந்தால், பாரம் ஏற்றாமல் ஓட்டலாம். முன்குழாயிலும் போர்க்கிலும் வேண்டவே வேண்டாம். பற்றவைத்த இடம் நிற்கும். சூடுபட்ட பக்கத்து இரும்பு குணம் மாறி அடுத்த விரிசலுக்கு இடம் கொடுக்கும். போர்க்கை மாற்றிவிடலாம், பிரேம் முழுவதையும் தள்ள வேண்டியதில்லை. முன்குழாய் வெடித்த பிரேமை மட்டும், தகப்பன் நினைவாக வேண்டுமானால் வீட்டுச் சுவரில் மாட்டி வையுங்கள்.

அந்தப் பெரியவரின் போர்க்கு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு அதைக் கொண்டு வருகிறேன். சைக்கிள் வைத்திருப்பவர்கள் சைக்கிளோடு வாருங்கள். மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டியும் என் பொறுப்பு.